ஆஸ்பத்திரியில் பள்ளிகொண்ட கதை

கெட்டிக்காரி என்று ஊரே சொல்லி வளர்த்த பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கொஞ்சம் யோசித்து அனுப்ப வேண்டும். விவரம் தெரியாத பெண் போன இடத்தில் நாலு பேரைக் கேட்டுக் கேட்டு எப்படியாவது பிழைத்துக்கொள்வாள். கெட்டிக்காரி யாரையும் கேட்க மாட்டாள். நான் கெட்டிக்காரி.

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். ராஜகிரிக் கோட்டை உச்சிவரைக்கும் எங்கேயும் உட்காராமல் ஏறிவிட்டு, கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் அண்ணன்களைப் பார்த்துக் கைதட்டுவேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நைனா, "ஆம்பளப் புள்ளைங்க ரெண்டும் அவங்க அம்மா மாதிரி. பொண்ணுதான் என்ன மாதிரி" என்பார். (அம்மா பின்கட்டிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.)

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பக்கத்துச் சிங்கவரம். வேர்க்கடலை பயிரிடும் குடும்பம். பாலிடெக்னிக் படித்துவிட்டு, இங்கிலாந்தில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை வாங்கியிருந்தார். சிங்கவரத்திலிருந்து கடல் தாண்டிய முதல் ஆள் இவர்தான். கல்யாணமான இருபதாம் நாள் இவர் கிளம்பியபோது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இவர் கழுத்தில் விழுந்த மாலைகளால் பஸ்ஸுக்குள் நுழைய முடியவில்லை. கண்டக்டர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். நான் ஒரு ஓரமாக நின்று, "இவர் என் வீட்டுக்காரர்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை. மனதுக்குள்கூடச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

கதையின் சிக்கலே இந்தப் பெயர்தான். அதை இப்போதே எழுதிவிட்டால் சுவை போய்விடும். ஒரு துப்பு மட்டும் தருகிறேன். சிங்கவரத்துக் குன்றில் படியேறிப் போனால், பாறையைக் குடைந்த குகைக்குள் பாம்புப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரே பெருமாள், அவர் பெயர்தான் இவருக்கும். (கண்டுபிடித்துவிட்டீர்களா? மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

பெண்டாட்டி வாயால் புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் விவாதம் செய்ததில்லை. தாலுக்கா ஆபீசிலோ ரேஷன் கடையிலோ "வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டால், கேட்கப்பட்டவள் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பாள். பக்கத்தில் நிற்கிறவள் சொல்லிவிடுவாள். அவள் முறை வரும்போது இவள் சொல்வாள். ஊர் முழுக்க இந்த ஏற்பாடு தடங்கல் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் அம்மாவுக்குத்தான் கஷ்டம். நைனாவின் பெயர் கோவிந்தசாமி. வருஷா வருஷம் திருப்பதி போவோம். மலைப்பாதையில் பஸ்ஸே அதிரும்படி எல்லோரும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூப்பிடும்போது, அம்மா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "அதேதான்! அதேதான்!" என்று கூப்பிடுவாள். அந்த வயிற்றில் பிறந்தவள் நான்.

இவர் போய் ஆறு மாதம் கழித்து நானும் கப்பலேறினேன். அந்த ஆறு மாதமும் வாரம் தவறாமல் இவருக்குக் கடிதம் எழுதினேன். ஊரிலேயே அழகான கையெழுத்து என்னுடையது என்று தபால்காரரே சொல்லியிருக்கிறார். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.)

இங்கிலாந்தில் எங்கள் குடித்தனம் ஒரு மாடி அறையில் ஆரம்பித்தது. காசு போட்டால்தான் அடுப்பு எரியும். வெயில் என்று அவர்கள் சொல்வதை நாங்கள் நிலா என்போம். இருந்தாலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். புடவைக்கு மேல் இவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், விரலைக் காட்டிக் காட்டி உருளைக்கிழங்கு வாங்கிவந்து, சீமையை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். மசக்கை வந்தபோதும் அழவில்லை. இவர்தான் அழுதார். ரசம் வைக்கப் புளி கிடைக்கவில்லை என்று ஊறுகாயைக் கழுவிப் புளித்தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் இவர். (குடித்தேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.)

அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், உடனே கப்பலேறி வா என்று. நான் மறுத்துவிட்டேன். "அந்த ஊர் ராணியே அங்கதாம்மா புள்ள பெத்துக்கறாங்க, எனக்கு இன்னா கொறச்சல்?" என்று எழுதினேன். நைனா அந்தக் கடிதத்தைக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக்காட்டினாராம். ராணி குழந்தை பெறுவதற்கும் என் பிரசவத்துக்கும் ஏதோ ஏற்பாடு ஆகியிருப்பதாகக் கடைத்தெருவில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

எட்டாம் மாதம் நடக்கும்போது கம்பெனி இவரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியது. புது ஊர், புது அறை, புது ஆஸ்பத்திரி. பழைய ஊரில் எல்லாவற்றுக்கும் இவர் கூட வந்து, பெயர் முகவரியெல்லாம் இவரே சொல்லிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புன்னகை செய்வேன். புது ஊரில் முதல் தடவை போக வேண்டிய நாளில் இவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் ஷிப்ட் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் தனியா சமாளிப்பியா?" என்றார்.

"ராஜகிரி ஏறுனவ நானு. ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேனா?"

"படி இல்ல தா. பேரு கேப்பாங்க. எம் பேரச் சொல்லணும்."

"சொன்னா போச்சு."

"எங்க, இப்ப சொல்லு பாப்போம்."

"அங்க போய்ச் சொல்றேன்."

"இங்க சொல்லாதவ அங்க எப்படிச் சொல்லுவ?"

"அது எங் கவல. நீங்க வேலயப் பாருங்க."

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு ஆசை இருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். செஞ்சி மானம் காக்க வேண்டாமா? விரல்கள் வீங்கியிருந்ததால் மோதிரத்தைக் கழற்றி ஒரு வாரமாயிற்று. அதனால் என்ன, கழுத்தில் தாலி இருக்கிறது, காலில் மெட்டி இருக்கிறது, எங்கள் ஊரில் இதற்கு மேல் அத்தாட்சி யாருக்கும் வேண்டாம். தாலி கோட்டுக்குள் இருந்தது. மெட்டி காலுறைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். (அவர்கள் பேசியது இங்கிலீஷ். எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன். நான் பேசியதும் இங்கிலீஷ்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.)

"பெயர்?"

"அலமேலு."

"முழுப்பெயர்?"

எங்கள் ஊரில் முழுப்பெயர் என்றால் முன்னால் ஒரு எழுத்து, அந்த எழுத்துக்குள் நம் நைனா. "அலமேலு கோவிந்தசாமி" என்றேன் கம்பீரமாக. அவள் எழுதிக்கொண்டாள்.

"கணவர் பெயர்?"

பழக்க தோஷம். சட்டென்று பக்கத்தில் நிற்கிறவரைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. கையில் பூங்கொத்து. நான் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்களேன்" என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவர் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினார். மேஜை அம்மாள் அவரைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். தாத்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இல்லை, இல்லை! நான் பேத்தியைப் பார்க்க வந்தேன்!" என்று பூங்கொத்தை ஆட்டிக்கொண்டே போனவர், அந்த வயதுக்கு நல்ல வேகமாகத்தான் போனார்.

"கணவர் பெயர்?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

நான் தலையைக் குனிந்து கொண்டேன். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சிரிப்பு. எங்கள் ஊரில் இதைப் பார்த்தால் "நல்ல பொண்ணு" என்பார்கள். அவள் கண்ணாடியை இறக்கி என் இடது கை விரல்களைப் பார்த்தாள். மோதிரம் இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவளுடைய குரலே மாறிப்போயிற்று. "பரவாயில்லை கண்ணு, பரவாயில்லை" என்று எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நாற்காலி வந்தது. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. மற்றவர்களெல்லாம் வரிசையில் நிற்க, எனக்கு மட்டும் இத்தனை உபசாரம்.

பட்டுப்புடவையின் மகிமை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

டீ குடித்து முடித்ததும் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு நடுத்தர வயது அம்மாள். கஷ்டத்தில் இருக்கிற பெண்களுக்கு உதவி செய்வதற்கென்றே ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அதிகாரி அவள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மிகவும் நல்லவள். அன்றைய கேவலத்தில் அவள் தப்பு ஒன்றுகூட இல்லை.

"குழந்தையின் அப்பா இந்த ஊரில் இருக்கிறாரா?" என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"இருக்கிறாரே."

"குழந்தையை ஏற்றுக்கொள்கிறாரா?"

"ஏற்றுக்கொள்ளாமல்? தினமும் ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறார்."

"ஆனால் அவர் பெயரை நீ சொல்ல மாட்டாய்."

"மாட்டேன்."

"சொல்லக் கூடாது என்று மிரட்டினாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரா மிரட்டுவார்? நான் பெயரைச் சொன்னால் அவருக்குத்தான் ஆபத்து!"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு இன்னும் தணிந்த குரலில், "அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதா?" என்றாள்.

"இருக்கிறது. ஊரில். ரொம்பப் பெரிய குடும்பம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் மாமனார் வீட்டின் கூட்டுக் குடும்பப் பெருமையை நினைத்து மெய்மறந்துவிட்டாள் என்று எண்ணி, எத்தனை கொழுந்தன், எத்தனை ஓரகத்தி என்றெல்லாம் விவரம் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. இவள் என்னைக் கல்யாணம் ஆகாதவள் என்று நினைக்கிறாளோ? எனக்கு உச்சியில் ஏறியது கோபம். கோட்டைத் திறந்து, தாலியை வெளியே எடுத்து, அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "அழகான சங்கிலி" என்றாள். சரி, இது புரியவில்லை என்று பூட்ஸைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். எட்டு மாத வயிற்றோடு காலைத் தூக்கி அவள் மேஜை விளிம்பில் வைத்து மெட்டியைக் காட்டினேன். அவள் என் கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்து, "ஆமாம், வீக்கம் இருக்கிறது" என்று குறித்துக்கொண்டாள்.

சிரித்தவள் நான்தான் என்றாலும் எனக்கு இப்போது அழுகை முட்டியது. பெயரைச் சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்தது அங்கேயே நின்றது. இவர் பாவம் தொழிற்சாலையில் அத்தனை பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், இந்த நேரம் பார்த்து நான் பெயரைச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போது என் கெட்டிக்கார மூளைக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் எங்கள் ஓரகத்தி, பெயர் கேட்டால் சிங்கவரம் குன்றைக் கையால் காட்டுவாள். கேட்டவர் புரிந்துகொள்வார். இங்கே குன்று இல்லை. சாமியையே காட்டிவிட்டால் என்ன?

அறையில் ஒரு நீள சோபா இருந்தது. போய் அதில் படுத்தேன். ஒருக்களித்து, வலது கையைத் தலைக்கு அண்டக் கொடுத்து, இடது கையை இடுப்போடு நீட்டி, கண்ணைப் பாதி மூடி, முகத்தில் அந்தப் பெருமாளின் மந்தகாசத்தைக் கொண்டுவந்தேன். பச்சை ஸ்வெட்டர் எழுந்து நின்றாள். புரியவில்லை போலிருக்கிறது என்று, பாம்பையும் காட்டிவிடலாமென்று இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் விரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்றேன்.

அவள் சுவரிலிருந்த மணியை அடித்தாள் பாருங்கள், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த நிமிஷம் கதவு திறந்தது. சக்கரம் வைத்த கட்டில் வந்தது. இரண்டு நர்சுகள் என்னை அப்படியே பள்ளிகொண்ட கோலத்தில் தூக்கிக் கிடத்தினார்கள். "வலி இல்லை! வலி இல்லை!" என்று நான் கத்தினேன். "இல்லை கண்ணு, இல்லவே இல்லை" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். நடைகூடத்தில் அந்தப் பூங்கொத்துத் தாத்தா எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பிரசவ அறைக்குப் போவதற்கு முன்னால் செய்யும் சடங்குகளைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள், விவரிக்க மாட்டேன். பட்டுப்புடவை போயிற்று. முதுகுப் பக்கம் திறந்த ஒரு அங்கி வந்தது. நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். தோடு கொடுத்தேன், வளையல் கொடுத்தேன். தாலியைத் தொட்டபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் ஒரு நர்சு பின்வாங்கினாள். கடைசியில் அதன் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். பிரசவ வலி இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, வார்டில் படுக்க வை என்றார். (ஏறாதா பின்னே?)

வார்டில் வரிசையாக வெள்ளைக்காரப் பெண்கள். எல்லோர் கையிலும் மோதிரம். பச்சை ஸ்வெட்டர் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். உன்னைப் போன்ற பெண்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. பிரசவம்வரை அங்கே இருக்கலாம். யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பிறகு, நீ விரும்பினால், குழந்தைக்கு ஒரு நல்ல வீடு பார்க்கலாம். குழந்தை இல்லாத நல்ல தம்பதிகள் இருக்கிறார்கள். நீ நிம்மதியாக உன் ஊருக்குப் போகலாம். இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை.

இதுவரை அவள் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்திருக்கும். இது முழுசாகப் புரிந்தது.

உள்ளே குழந்தை ஒரு உதை விட்டது. அந்த உதை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளையைத் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். ஊரே மாலை போட்டு அனுப்பி வைத்த மனிதருடைய பிள்ளையை! வேறு யாரோ தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள், அதுவும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த காரணத்தால். ஆயுசாவது ஒன்றாவது. இவர் ஆயுசைப் பெருமாள் பார்த்துக்கொள்வார், இந்தப் பிள்ளையை நான்தான் பார்க்க வேண்டும்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். பிளாஸ்திரி போட்ட தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூச்சை இழுத்தேன். ராஜகிரி உச்சியிலிருந்து கத்தினால் பஜாருக்குக் கேட்கும் என்பார்களே, அந்தக் குரலில் கத்தினேன்:

"ரங்கநாதன்! சிங்கவரம் ரங்கநாதன்! என் புருஷன்! தாலி கட்டின புருஷன்!"

வார்டே நிமிர்ந்தது. எங்கோ ஒரு தட்டு விழுந்தது. சொல்லிவிட்டேன். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். முடிந்தது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று கண்ணை மூடினேன்.

"மன்னிக்க வேண்டும். இன்னொரு முறை சொல்கிறாயா?" என்றாள் பச்சை ஸ்வெட்டர்.

மறுபடி சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளுக்குப் பிடிபடவில்லை. மெதுவாகச் சொல்லச் சொன்னாள். துண்டு துண்டாகச் சொன்னேன். நர்சு வந்து எட்டிப்பார்த்து, அவளுக்கும் ஒரு தடவை சொல்லச் சொன்னாள். ஸ்பெல்லிங் கேட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை தாலியைக் கண்ணில் ஒற்றினேன். பக்கத்துக் கட்டில் பெண் தானும் உதவி செய்வதாக நினைத்து, "வாங்கநேதனா?" என்று கேட்க, அவளைத் திருத்துவதற்காகவும் சொன்னேன். வாழ்நாள் முழுக்கச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த பெயரை ஒரே மத்தியானத்தில் ஏலம் போட்டுவிட்டேன்.

கடைசியில் நர்சு நடைகூடத்துக்குப் போய், "மிஸ்டர் ராங்க-நேத்தன்!" என்று உரக்கக் கூப்பிட்டாள். கீழேயிருந்து, "இங்கே! இங்கே!" என்று ஒரு குரல் வந்தது.

இவர் வந்து வெகுநேரம் ஆகியிருக்கிறது. கீழே மேஜை அம்மாளிடம் "மிஸஸ் ரங்கநாதன் எங்கே?" என்று கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவள் சாதித்திருக்கிறாள். அவள் சொன்னது நியாயம்தானே, அங்கே இருந்தது அலமேலு கோவிந்தசாமி.

எண்ணெய்க் கறை படிந்த தொழிற்சாலை உடுப்போடு, மூச்சு வாங்க ஓடிவந்து என் கட்டில் அருகே நின்றார். கை கால் முழுசாக இருக்கிறதா என்று அவரை நான் பார்த்தேன். இருந்தது. ஓவென்று அழுதேன்.

"தப்பு பண்ணிட்டேங்க. உங்க பேரச் சொல்லிட்டேன். ஒரு தபா இல்ல, பல தபா சொல்லிட்டேன்."

இவர் முகத்தில் பயம் போய், வாய் காதுவரைக்கும் விரிந்தது. "மாடிப்படியிலயே கேட்டுச்சு" என்றார். குனிந்து, "இன்னொரு தபா சொல்லு" என்றார்.

"உங்க ஆயுசு இன்னாவுறது?"

"போனா போவுது. கேக்க நல்லா இருக்குது."

பச்சை ஸ்வெட்டர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தப் படுக்கையும் பாம்புச் சத்தமும் என்ன என்று இவரிடம் விசாரித்தாள். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இவர் சட்டைப் பையிலிருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னப் பெருமாள் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. படம் கட்டில் கட்டிலாகப் போயிற்று. முழு வார்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அது சிரிக்கக் கூடாத வயிறுகள் நிறைந்த வார்டு.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு இவர் மெதுவாகக் கேட்டார். "ஏந்தா, சொல்ல முடியலன்னா ஒரு பேனா கேட்டு எழுதிக் காட்டியிருக்கலாமில்ல?"

நான் அழுகையை நிறுத்தினேன்.

"ஆறு மாசமா வாரா வாரம் கடுதாசி மேல எம் பேர எழுதி அனுப்புனியே!"

கெட்டிக்காரி போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து நிஜமாகவே வலி எடுத்து அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவிலேயே அந்த நர்சு நின்றுகொண்டிருந்தாள். "இது வலியா, சாமியா?" என்று கேட்டாள். வலிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அம்மா பக்கத்தில் இல்லை, ஊர் பாஷை பேச ஒரு ஆள் இல்லை, பெற்றுவிட்டேன். பெண் குழந்தை. நல்ல கறுப்பு, நல்ல எடை, கோட்டைக்குக் கேட்கும் தொண்டை. குழந்தையின் பெயர் எழுதும் இடத்தில் தகப்பன் பெயரைக் கேட்டார்கள். "பேனாவைக் கொடுங்கள்" என்றேன். அதைப்போல ஒரு கையெழுத்தை அந்த ஊர் பார்த்திருக்காது. பச்சை ஸ்வெட்டர் அம்மாள் தானே பின்னிய பச்சைக் குல்லாவோடு வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் கர்வம் தாங்கவில்லை.

குழந்தைக்கு இவர் வைத்த பெயர் ரங்கநாயகி. வேண்டுமென்றே வைத்தார். தினமும் பாதியாவது என் வாயில் வரட்டும் என்ற திட்டம். நானா மசிவேன்? அன்றிலிருந்து அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறேன். பாப்பா இப்போது பேத்தி எடுத்துவிட்டாள்.

நாங்கள் செஞ்சிக்குத் திரும்பி எத்தனையோ காலம் ஆயிற்று. எங்கள் வீட்டில் யாராவது ஒருக்களித்துப் படுத்தால், "இன்னா, பேரு சொல்றியா?" என்றுதான் கேட்பார்கள். இவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தலையில் முதல் நரை கண்டபோது கண்ணாடி முன் நின்று, "இது நீ வார்டுல கத்துனதுக்கு" என்றார். மூட்டு வலி வந்தபோது, "இது அந்தப் பச்ச ஸ்வெட்டருக்காகத் திருப்பிச் சொன்னதுக்கு." கடைவாய்ப் பல் விழுந்தபோது, "இது ஸ்பெல்லிங்குக்கு." ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தால் நான் என்ன செய்வது? அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

போன வருஷம்வரைக்கும் சொல்லவில்லை.

போன வருஷம் இவருக்கு நெஞ்சு வலி வந்து பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சக்கர நாற்காலியில் இவரை உட்காரவைத்து, பக்கத்தில் நான் நின்றேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "பேஷண்ட் பேரு?" என்று கேட்டாள். பாப்பா வழக்கம்போல எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமாகத்தான் இருந்தது. முன்பு ஒருமுறை பிள்ளைக்காகச் சொன்னேன், இது இவருக்காக. நிமிர்ந்து நின்று, எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

"ரங்கநாதன். சிங்கவரம் ரங்கநாதன்."

சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு தபா" என்றார்.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை காபி கொண்டுபோனேன். குதிகால் வலிக்கிறது என்றார். எதற்காக என்று நான் கேட்கவில்லை.